வீட்டில் படிக்கும் குழந்தை: சட்டம் சொல்வதும் சான்றிதழ் வரும் வழியும்

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோருக்கு முதலில் எழும் கேள்வி, இது குற்றமா என்பதுதான். இதற்கு நேர்மாறான இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு இது முற்றிலும் சட்டவிரோதம் என்பார்கள் சிலர். அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதால் முழு அனுமதி உண்டு என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே பாதி உண்மைகள். இந்தியச் சட்டம் வீட்டுவழிக் கல்வியை அங்கீகரிக்கவும் இல்லை, அதற்காகப் பெற்றோரைத் தண்டிக்கவும் இல்லை. ஆகவே நடைமுறையில் ஒரு குடும்பம் எதிர்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை காவல் நிலையத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வருவதில்லை. குழந்தை பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிறகு, சான்றிதழ் கேட்கும் அலுவலகங்களிலிருந்து வருகின்றன.

எதை வீட்டுவழிக் கல்வி என்கிறோம்

பெயர் ஒற்றுமையால் விளையும் குழப்பத்தை முதலில் விலக்கிவிடுவது நல்லது. தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், பள்ளியில் பெயர் பதிந்து படிக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு தன்னார்வலர்கள் நடத்திய வகுப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் பெற்றோர் எவ்வாறு உதவலாம் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளைப் பற்றியதே. இவற்றைக் காட்டி, 'அரசே அனுமதித்துவிட்டது' என்று வாதிட முடியாது.

இக்கட்டுரையில் வீட்டுவழிக் கல்வி என்பது, எந்தப் பள்ளியிலும் பெயர் பதியாமல், பெற்றோரின் பொறுப்பிலும் திட்டத்திலும் நடக்கும் கல்வியை மட்டுமே குறிக்கிறது. ஒரு பள்ளியில் பெயருக்குச் சேர்த்துவிட்டு வீட்டிலேயே படிக்க வைப்பது வேறு வகை. அதில் வருகைப் பதிவு பொய்யாக எழுதப்படும் என்பதால், பாதுகாப்பான வழிபோலத் தோன்றினாலும் உண்மையில் சட்டச் சிக்கல் மிகுந்த வழி அதுதான்.

சட்டத்தின் வாசகம்

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே அது பொருந்தும். ஆறு வயதுக்குக் கீழுள்ள குழந்தையை மழலையர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று இச்சட்டம் பெற்றோரைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்தச் சட்டத்தையும் அதற்கு அடித்தளமான அரசியல் சாசனப் பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை நிலை புலப்படும்.

1. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 21அ என்ற பிரிவைச் சேர்த்தது. 6 முதல் 14 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச, கட்டாயக் கல்வியை அரசு வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். கடமை இங்கே அரசின் மீது விழுகிறது.

2. அதே திருத்தம் 51அ பிரிவில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக, தம் குழந்தைக்குக் கல்வி பெறும் வாய்ப்புகளைப் பெற்றோர் வழங்க வேண்டும் என்பதைச் சேர்த்தது. பள்ளி என்ற சொல் அங்கே இல்லை. வீட்டுவழிக் கல்வியை ஆதரிப்போர் பெரிதும் சார்ந்திருக்கும் வாசகம் இது.

3. கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவோ, குழந்தையை அருகமைப் பள்ளியில் தொடக்கக் கல்விக்குச் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோர், பாதுகாவலரின் கடமை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எதிர்ப்பாளர்கள் சார்ந்திருப்பது இந்த வாசகத்தை.

4. ஆனால் அந்தக் கடமையைச் செய்யத் தவறும் பெற்றோருக்கு அச்சட்டத்தில் அபராதமோ சிறையோ இல்லை. மேலும், கட்டாயக் கல்வி என்பதன் பொருளை 8ஆவது பிரிவு விளக்கும்போது, குழந்தை பள்ளியில் சேர்வதையும் வருவதையும் எட்டாம் வகுப்பை முடிப்பதையும் உறுதிசெய்ய வேண்டியது அரசின் பொறுப்பு என்றே சொல்கிறது. 'கட்டாயம்' என்ற சொல் அரசைக் கட்டுவது. பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவதற்கான சொல் அன்று.

5. வீட்டில் கற்பதைச் சட்டம் நேரடியாக ஏற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். 2012இல் செய்யப்பட்ட திருத்தம், பல்வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள குழந்தைகள் வீடு சார்ந்த கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. அவர்களுக்கு இது சலுகை அல்ல, உரிமை. பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அரசிடம் கேட்டுப் பெறலாம்.

ஐந்தாவது கருத்து இருபுறமும் வெட்டக்கூடியது. ஒரு பிரிவினருக்கு மட்டும் வீட்டுக் கல்வியை வெளிப்படையாகச் சட்டம் அனுமதித்திருக்கிறது என்றால், மற்றவர்களுக்கு அது அனுமதிக்கப்படவில்லை என்று ஒருவர் வாதிட இடமுண்டு. சட்ட விளக்கத்தில் இது வலுவான வாதமே. ஆதரவாளர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவது சரியன்று.

ஒப்பீட்டுக்காக இரண்டு நாடுகளைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், குழந்தைக்குத் தகுந்த முழுநேரக் கல்வியைப் பள்ளி மூலமாகவோ 'வேறு வகையிலோ' பெற்றோர் அளிக்க வேண்டும் என்கிறது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட பொதுவாக எவரும் அந்த ஒரு தொடரைப் பற்றிக்கொண்டு வீட்டில் கற்பிக்கலாம். ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வதே கட்டாயம். பிடிவாதமாக மறுக்கும் பெற்றோர் அபராதத்தையும், சில வழக்குகளில் குழந்தையின் பொறுப்பையே இழப்பதையும் சந்தித்திருக்கின்றனர். இந்தியச் சட்டத்தில் இங்கிலாந்தின் அந்தத் தொடரும் இல்லை, ஜெர்மனியின் தண்டனையும் இல்லை.

நீதிமன்றத்தில் நடந்தது

அரசு ஒப்புக்கொண்டுவிட்டது என்ற பேச்சுக்கு மூலம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு. வீட்டில் படித்துவந்த மாணவி ஒருவர், கல்வி உரிமைச் சட்டம் தம்மைப் போன்றோரின் வழியை அடைப்பதாக முறையிட்டார். 2012 ஜூலையில் அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், தாமாக விரும்பி வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் பெற்றோர் அதைத் தொடரலாம், சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை என்ற பொருள்பட எழுதப்பட்டிருந்தது. செய்தித்தாள்களில் பெரிதாக வெளிவந்தது இதுதான். பின்னர் அரசு அந்த நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கியது அந்த அளவுக்குப் பரவவில்லை.

எனவே அந்தப் பிரமாணப் பத்திரத்தை அனுமதிச் சீட்டுபோலக் கையில் வைத்திருப்பதில் பயனில்லை. வழக்கின் ஒரு தரப்பு தாக்கல் செய்த பத்திரம் தீர்ப்பு ஆகாது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டம் செல்லும் என்று அளித்த தீர்ப்பு, முதன்மையாகத் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 விழுக்காடு இடங்களைப் பற்றியது. வீட்டில் கற்பிப்பது பெற்றோரின் உரிமையா என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கும்? ஒவ்வோர் ஆண்டும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. தம் பகுதியில் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருப்பதைச் சட்டமும் உள்ளாட்சி அமைப்பின் கடமையாக்கியுள்ளது. ஆசிரியரோ வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரோ வீட்டுக்கு வந்து கேட்கலாம். அவர்கள் தேடி வருவது, வறுமையாலோ வேலைக்கு அனுப்பப்பட்டதாலோ பள்ளியைவிட்டு நின்ற குழந்தைகளை. வீட்டில் முறையாகப் படிக்கும் குழந்தையும் அவர்களது படிவத்தில் பள்ளி செல்லாக் குழந்தை என்றே எழுதப்படலாம். வந்தவரோடு வாதிடுவதைவிட, குழந்தையின் பாடத்திட்டம், எழுதிய குறிப்பேடுகள், படிக்கும் புத்தகங்கள் ஆகியவற்றைக் காட்டி எழுத்தில் விளக்கம் அளிப்பது முறையானது.

தொழில் செய்யும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயதுக்குட்பட்ட குழந்தை குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ மட்டும் உதவலாம் என்கிறது. பள்ளி நேரம் என்பதே இல்லாத குழந்தை பகலில் கடையில் அமர்ந்திருந்தால், 'தொழில் மூலம் கணக்குக் கற்கிறான்' என்ற விளக்கத்தை ஆய்வாளர் ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை.

நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் அது பள்ளியா?

தனிக் குடும்பத்தைத் தண்டிக்காத அதே சட்டம், அங்கீகாரமில்லாமல் பள்ளி நடத்துவோரைக் கடுமையாகத் தண்டிக்கிறது. 18ஆவது பிரிவின்படி அங்கீகாரச் சான்று பெறாமல் பள்ளி தொடங்கவோ நடத்தவோ கூடாது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்தால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, தினமும் காலை முதல் மாலை வரை குழந்தைகளை அனுப்பத் தொடங்கும்போது இந்த ஆபத்து எழுகிறது. எத்தனை குழந்தைகள் சேர்ந்தால் அது பள்ளி என்று சட்டம் எண்ணிக்கை தரவில்லை. நிலையான இடம், முழுநேர அட்டவணை, கட்டணம், பெயர்ப் பலகை, சேர்க்கை விளம்பரம் ஆகியவை ஒவ்வொன்றாகச் சேரச் சேர, அது பள்ளி என்று அதிகாரி முடிவெடுக்கக் காரணம் கூடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒவ்வொரு முறை ஒவ்வொரு வீட்டில், கட்டணமின்றிச் சந்திப்பது அவ்வளவு எளிதில் பள்ளி ஆகிவிடாது. மாற்றுக் கற்றல் மையம் ஒன்றில் குழந்தையைச் சேர்க்க எண்ணும் பெற்றோர், அந்த மையத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதையும், இல்லையெனில் அங்கே படித்ததற்கு மாற்றுச் சான்றிதழ் கிடைக்காது என்பதையும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

சான்றிதழுக்கான வழிகள்

எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தைக்கும் பொதுத்தேர்வு எழுதும் கட்டாயம் இல்லை என்பது வீட்டுவழிக் கல்விக்குக் கிடைத்த பெரிய வசதி. அதற்குப் பிறகு, ஏதாவதொரு தேர்வு வாரியத்தின் வாசலைத் தட்டித்தான் ஆக வேண்டும். சி.பி.எஸ்.இ. வாரியம் பள்ளியில் சேராதவர்களைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. எஞ்சுபவை மூன்று.

முதலாவதும் பெரும்பாலோர் தேர்ந்துகொள்வதும் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கிய இது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தன்னாட்சி அமைப்பு. சென்னையில் இதற்கு மண்டல மையம் உண்டு. பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேர 14 வயது நிறைந்திருந்தால் போதும். முன்பு எந்தப் பள்ளியிலும் படித்திருக்க வேண்டியதில்லை. இப்படிப்பைத் தொடரும் அளவுக்குக் கற்றிருப்பதாகச் சுய உறுதிமொழி அளிக்கலாம். தமிழ் வழியிலும் எழுதலாம். ஒரு மொழிப் பாடமேனும் உட்பட ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் கிடைக்கும். ஒருமுறை பதிந்தால் அது ஐந்தாண்டு செல்லும் என்பதால், பாடங்களை ஒரே மூச்சில் எழுதாமல் பிரித்து எழுதலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு நிகரான அடிப்படைக் கல்வி நிலைகளும் இந்நிறுவனத்தில் உண்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இந்த நெகிழ்வுக்குள் ஒரு பொறி இருக்கிறது. பாடங்களை விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம் என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் கணிதத்தை விட்டுவிட்ட மாணவர் பின்னர் பொறியியலுக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கும் நிலை ஏற்படலாம். பொறியியல் சேர்க்கைக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு, இந்த நிறுவனத்தின் சான்றிதழை ஏற்றாலும் குறைந்தது ஐந்து பாடங்கள் இருக்க வேண்டும் என்கிறது. மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் தேவை. நீட் தேர்வில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை விலக்கிய விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. அது குறித்த மேல்முறையீடு 2024இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்ததால் அந்தத் தடை இப்போது இல்லை. பழைய செய்திகளைப் படித்துவிட்டு அஞ்சுவோர் இதை அறிவது அவசியம்.

இரண்டாவது வழி, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வர் முறை, அதாவது பள்ளியில் சேராமலே தேர்வு எழுதும் முறை. எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயது நிறைந்தவர் தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேர்ச்சி பெற்று, பதினான்கரை வயது நிறைந்த பின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் பாடத்தில் செய்முறை உண்டு. அதற்கான பயிற்சி வகுப்பில் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிந்து கலந்துகொள்ள வேண்டும். இந்தப் பதிவுக்கான அறிவிப்பைத் தவறவிட்டு ஓராண்டை இழப்பதே இவ்வழியில் அடிக்கடி நேரும் தவறு. இதில் கிடைப்பது மாநில வாரியச் சான்றிதழ். மாநில அரசு அலுவலகம் எதிலும் இணைத்தன்மை, அதாவது இது மாநில வாரியச் சான்றிதழுக்கு நிகரானதா என்பது, பற்றிய கேள்வி எழாது. வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களில் பலர் இவ்வழியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பது வியப்பானது. தமிழ்நாட்டு அரசுப் பணியைக் குறிவைக்கும் குழந்தைக்கு முதல் வழியைவிட இதுவே பாதுகாப்பானது. 2024 தொடக்கத்தில் திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழின் இணைத்தன்மை பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த குழப்பமே அதற்குக் காரணம்.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் போன்ற பன்னாட்டு வாரியங்கள். தனித்தேர்வரை ஏற்கும் தேர்வு மையத்தை முதலில் தேட வேண்டும். கட்டணம் பலமடங்கு அதிகம். இந்தியக் கல்லூரியில் சேர இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இணைத்தன்மை விதிகளைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கைநழுவும் சலுகைகள்

வீட்டுவழிக் கல்வியைப் பற்றிய பேச்சில் அதிகம் இடம்பெறாதது இது. தமிழ்நாட்டின் சமூகநீதித் திட்டங்கள் பல, குழந்தை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு முதல் படித்தது என்பதை அளவுகோலாகக் கொண்டவை. பள்ளிப் பதிவேடு இல்லாத குழந்தை, பிற தகுதிகள் எல்லாம் இருந்தும் அவற்றுக்கு வெளியே நிற்கும்.

1. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்ததைக் கணக்கில் கொள்கிறது. பின்னர் இது பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

2. உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்காக 2024இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் படிப்பையே பார்க்கின்றன.

3. அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கு, ஒன்றாம் வகுப்பு தொடங்கித் தமிழ் வழியில் படித்ததற்குப் பள்ளித் தலைமையாசிரியரின் சான்று கேட்கப்படுகிறது. வீட்டில் முழுவதும் தமிழிலேயே படித்த குழந்தைக்கு அந்தச் சான்றைத் தர எவரும் இல்லை.

இதனால் வசதியுள்ள, ஆங்கில வழியில் தனியார் பள்ளிக்கு மாற்றாக வீட்டுவழிக் கல்வியை எண்ணும் குடும்பத்துக்கு இழப்பு சிறிது. அரசுப் பள்ளியிலிருந்து குழந்தையை எடுக்கும் குடும்பத்துக்கு இழப்பு மிகப் பெரிது. இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. ஐந்தாம் வகுப்பு வரை வீட்டில் கற்பித்துவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் முதல் இரண்டும் கைவிட்டுப் போகா என்பதையும் கவனிக்கலாம்.

பள்ளிக்குத் திரும்புவது

இதில் சட்டம் குழந்தையின் பக்கமே நிற்கிறது. எந்தப் பள்ளியிலும் படிக்காத குழந்தையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. நுழைவுத் தேர்வு வைத்துக் குழந்தையை வடிகட்டுவதும் தண்டனைக்குரியது. அரசுப் பள்ளிகளில் இது பெரிய தடையின்றி நடக்கும். தனியார் பள்ளிகள் பலவும் 'முந்தைய வகுப்புச் சான்று எங்கே' என்று கேட்டு இழுத்தடிக்கக்கூடும் என்பதால், சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பிப்பது நல்லது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நிலை மாறிவிடுகிறது. இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிவதால், எட்டாம் வகுப்புக்கு நிகரான சான்று எதுவும் இல்லாத குழந்தையைச் சேர்க்க மறுக்கும் உரிமை பள்ளிக்கு உண்டு. வீட்டில் படித்த குழந்தை பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், எட்டாம் வகுப்பு முடியும் முன் திரும்பிவிடுவது அல்லது தனித்தேர்வராக எட்டாம் வகுப்பை எழுதிவிடுவது ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பள்ளியில் படிக்கும் குழந்தைக்குப் பெயர், பிறந்த தேதி, சாதி ஆகியவற்றைப் பள்ளிப் பதிவேடு சுமக்கிறது. வீட்டில் படிக்கும் குழந்தைக்கு அவற்றைப் பெற்றோர்தாம் சுமக்க வேண்டும்.

பெயர் பதியப்பட்ட பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளியில் படித்த பதிவு இல்லாதவருக்குக் கல்லூரிக் கலந்தாய்வில் கடைசியாகச் சொன்னது இன்றியமையாததாகிவிடும். தலைப்பெழுத்து தொல்லை தரும் இன்னோர் இடம். பிறப்புச் சான்றிதழில் ஒருவகையாகவும் ஆதாரில் தந்தை பெயரை விரித்து வேறுவகையாகவும் இருந்தால், திறந்தநிலைப் பள்ளிப் படிவத்தை நிரப்பும் முன் ஒன்றுபடுத்திவிட வேண்டும், ஏனெனில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும் பெயரே பின்னர் எல்லா ஆவணங்களுக்கும் மூலமாகிறது.

குழந்தை படித்த பாடங்கள், செய்த வேலைகள், தேதியிட்ட எழுத்துப் பயிற்சிகள் ஆகியவற்றின் கோப்பு ஒன்றையும் ஆண்டுவாரியாக வைத்திருக்கலாம். சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் கணக்கெடுப்புக்கு வருபவருக்கும், சேர்க்கையின்போது தலைமையாசிரியருக்கும் காட்ட அதுவே உதவும். பெற்றோர் இருவரும் இம்முடிவில் உடன்பட்டிருப்பதை எழுத்தில் பதிந்துவைப்பதும் இதோடு சேரும். மணமுறிவு வழக்கில் குழந்தையின் பொறுப்பு யாரிடம் என்று குடும்ப நீதிமன்றம் ஆராயும்போது, 'குழந்தையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை' என்ற குற்றச்சாட்டை ஒரு தரப்பு மற்றத் தரப்பின் மீது வைக்க இடமுண்டு. அப்போது 10ஆவது பிரிவின் வாசகம் குற்றம்சாட்டுபவருக்குத்தான் துணைநிற்கும்.